எஸ்தர் ஏன் முனையை மூடவில்லை

செய்தி கைப்பேசியில்தான் வந்தது. எங்கள் பழைய கம்பெனிக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை ஆறு மணியிலிருந்து அதில் பூங்கொத்தும் சூரியோதயமும் வந்து விழுந்துகொண்டே இருக்கும். நான் எதையும் திறப்பதில்லை. அன்றைக்குக் காப்பி ஆறட்டும் என்று வைத்துவிட்டுச் சும்மா தள்ளிக்கொண்டே போனேன். இரண்டு ரோஜாப்பூப் படங்களுக்கும் மூட்டுவலிக் கஷாயம் ஒன்றின் செய்முறைக்கும் நடுவில் எஸ்தரின் முகம் இருந்தது. கீழே, ‘கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்’ என்று ஒரு வரி. வீட்டில் திரும்பிச் சொல்ல ஆள் இல்லை. என் மனைவி விசாலம் போய் மூன்று வருடம் ஆகிறது. மகள் நித்யா கனடாவில் இருக்கிறாள். ஆறிப்போன காப்பியைச் சுட வைக்காமலே குடித்தேன்.

மறுவாரம் பெரும்பாக்கத்தில், எஸ்தர் குடியிருந்த அடுக்குமாடிகளுக்கு நடுவே பந்தல் போட்டு ஜெபக் கூட்டம் நடந்தது. கம்பெனியிலிருந்து பதினைந்து பேர் போயிருந்தோம். அசெம்பிளி பிரிவில் இருந்த சுந்தரவல்லி மைக்கைப் பிடித்துப் பேசினார். “எங்க எஸ்தர் அக்காவுக்கு ஒரு ஐதீகம். புள்ள பொறந்து அழுதுச்சுன்னு சேதி வந்தாத்தான் தான் பின்ற பூட்டீஸ், அதான் கொயந்த கால்ல போட்ற சாக்ஸ், அதோட முனைய மூடுவாங்க. எத்தினி பேரு கெஞ்சினாலும் அதுக்கு முன்னாடி மூட மாட்டாங்க. கடவுள முந்திக்கக் கூடாதுன்னு அவ்ளோ பயபக்தி.” எல்லோரும் தலையாட்டினார்கள். போதகர்கூடத் தம் ஜெபத்தில் அதைச் சேர்த்துக்கொண்டார்.

சுந்தரவல்லி பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எஸ்தர் ஏன் முனையை மூடாமல் வைத்தார் என்பது அன்றைக்கு உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் போய்விட்டார். இன்னொருவன் நான். பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் படிக்க வேண்டும். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டாலும் சரி.

கிண்டி தொழிற்பேட்டையில் மின்சார மீட்டர் செய்யும் சிறிய கம்பெனி எங்களுடையது. எஸ்தருக்குக் காயில், அதாவது மீட்டருக்குள் வைக்கும் செம்புக் கம்பிச் சுருள், சுற்றும் வேலை. நான் ஸ்டோர் பொறுப்பாளன். ஸ்டோர்க்காரனுக்கு எல்லாரும் திருடர்களாகத்தான் தெரிவார்கள் என்று விசாலம் சொல்வாள். ஒரு நாள் மதியம் சாணைக்கல் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், இந்த அம்மாள் சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளைத் துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றின் இரண்டு முனையையும் கூராகத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா இது, ஆயுதமா?” என்றேன்.

“ஆமா சார். நாலு வச்சிருக்கேன். உன்ன குத்தத்தான்,” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “கொயந்தைக்கு பூட்டீஸ் போட்ற ஊசி சார். கடைல விக்கிறது குண்டா கீது. கொயந்த காலுக்கு இந்த சைஸுதான் சரி,” என்றார்.

சார் என்பதும் நீ என்பதும் அவர் வாயில் ஒரே மூச்சில் வரும். எனக்கு முதலில் சுருக்கென்றிருந்தது. கம்பெனிச் சாணைக்கல்லைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்த மேனேஜர் கடிதம் வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். மாலைக்குள் கடிதம் வந்துவிட்டது. மேனேஜரின் மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஸ்டோரில் ஒரு வாரம் என்னைக் கேலி செய்யாத ஆளில்லை.

சென்னை வெயிலில் கைக்குழந்தைக்கு எதற்குக் காலுறை என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். கம்பளி நூலை அவர் தொடவே மாட்டார். மெல்லிய பருத்தி நூல்தான், அதுவும் இரண்டு முறை துவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்த பிறகுதான். மூன்று ஊசியில் நூல் வளையங்களான கண்ணிகளைப் பங்கு போட்டு முக்கோணமாக நிறுத்தி, நான்காவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போவார். கணுக்காலில் தொடங்கி, குதிகாலில் திரும்பி, பாதம் வழியாக விரல் நுனிக்கு வந்து முடியும். எங்கும் மூட்டுத் தையல் கிடையாது. கடைக் காலுறையையும் தன்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “உள்ள வெரல வுட்டுப் பாரு சார். இதுல தையல் உறுத்துதா? இதுல எங்கனா உறுத்துதா? கொயந்தைக்கு வாய் கீதா, உறுத்துதுன்னு சொல்றதுக்கு?” என்பார். காயில் சுற்றிப் பழகிய கை. ஒரு சுற்று இறுகி ஒரு சுற்று தளர்ந்து நான் பார்த்ததே இல்லை.

நாங்கள் ஒரே பேருந்தில்தான் திரும்புவோம். அவர் அப்போது அடையாற்றங்கரைக் குடிசையில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பியின் இரண்டு பெண்களையும் அவர்தான் படிக்க வைத்தார். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் ஊசிகள் வெளியே வந்துவிடும். ஒரு நாள் சைதாப்பேட்டை திருப்பத்தில் ஒரு ஊசி நழுவி விழுந்தது. “யாரும் காலத் தூக்காதீங்க, எட்டு கண்ணி நிக்கிது,” என்று இவர் ஒரு குரல் கொடுத்தார். பாதி வண்டி குனிந்தது. நடத்துநர் விசில் ஊதி வண்டியை நிறுத்திவிட்டு, சீட்டுக்கு அடியில் புகுந்து எடுத்துக் கொடுத்தார். அவர் பேத்திக்கும் பிறகு ஒரு ஜோடி போயிற்று என்று கேள்வி.

கம்பெனியில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் எஸ்தர் கையால் ஒரு ஜோடி போகும். அந்த நாட்களில் அவர் முனையை மூடித்தான் கொடுப்பார். இதை நன்றாகக் கவனித்துக்கொள்ள வேண்டும். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, வளைகாப்பு என்றால் அன்றைக்கே ஜோடி தயாராக இருக்கும். எங்கள் பக்கத்தில் பிறப்பதற்கு முன்னால் குழந்தைக்கு எதுவும் வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது. பிறந்ததும் பழைய வேட்டித் துணியில்தான் சுற்றுவார்கள். அவர் வீட்டில் அப்படி ஒன்றும் கிடையாது. கேட்டால், “வர்ற புள்ளைய வெறுங்காலோட வுடவா?” என்பார்.

நித்யாவுக்கு மயிலாப்பூர் வீட்டில் வளைகாப்பு நடந்தது. எஸ்தரும் வந்திருந்தார். சாப்பாடு ஆன பிறகு வெளிர் மஞ்சளில் ஒரு ஜோடியை நித்யாவின் மடியில் வைத்தார். விசாலத்தின் முகம் மாறிவிட்டது. என்னை உள்ளே கூப்பிட்டு, “இப்போ ஆத்துல வச்சுக்கப் படாதுன்னா. பொறந்தப்புறம் வாங்கிக்கறோம்னு பதமா சொல்லி அவா கிட்டயே குடுத்துடுங்கோ,” என்றாள். நான் எகத்தாளமாகச் சிரித்தேன். “இருபத்தோராம் நூற்றாண்டு பொறந்தாச்சு, உனக்குத் தெரியுமோ?” என்று கேட்டுவிட்டு, நானே அந்த ஜோடியைக் கொண்டுபோய் பீரோவில் கண்ணாடிக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன். எனக்கு எந்த மூட நம்பிக்கையும் இல்லை என்பதில் அவ்வளவு பெருமை.

எட்டாம் மாதம் குழந்தை தவறிவிட்டது. பெண் குழந்தை.

அந்த வாரம் நான் செய்ததெல்லாம் ஓடியாடிச் செய்ததுதான். ஆட்டோ பிடித்தேன், மருந்துக் கடையில் நின்றேன், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சாப்பாடு வாங்கி வந்தேன். நித்யா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் அறைக்குள் நான் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நின்றதில்லை. விசாலம் அழுதாள். நான் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஆண்பிள்ளை உடைந்தால் வீடு நிற்காது என்று யாரோ என்னிடம் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பினேன்.

எட்டாம் நாள் வேலைக்குப் போனேன். போகும்போது பீரோவிலிருந்த ஜோடியை டிபன் பையில் போட்டுக்கொண்டேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் கேன்டீனுக்குப் போய்விட்டிருந்தார்கள். காயில் பிரிவில் எஸ்தர் மட்டும் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “சார்...” என்று ஏதோ சொல்ல வந்தார். நான் ஜோடியை அவர் மேஜையில் போட்டேன்.

“பொறக்கறதுக்கு முன்னாடி பின்னக் கூடாதுன்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையா? நீ இதைப் பின்னி எடுத்துண்டு வந்ததாலதான் எங்காத்துல இப்படி ஆச்சு,” என்றேன். இன்னும் சொன்னேன். அவருக்குப் பிள்ளை குட்டி இல்லாததையும் அதில் இழுத்தேன். அதை இங்கே எழுதக் கை வரவில்லை.

எஸ்தர் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. வாய்க்கு வாய் கொடுக்கிற ஆள், அன்றைக்கு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து முனையில் ஒரு வெட்டு வெட்டி, நூலைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். முனையைக் கட்டி மூடியிருந்ததால் அது லேசில் பிரியவில்லை. நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்தார். இரண்டும் பிரிந்து நூலாகிற வரை நான் அங்கேயே நின்றேன். கேன்டீனிலிருந்து ஆட்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் ஸ்டோருக்குப் போய்விட்டேன். வீட்டில் விசாலம் கேட்டதற்கு, திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அவர் முனையை மூடாமல் வைக்க ஆரம்பித்தார். பாதம் முழுக்கப் பின்னி, கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் எட்டுக் கண்ணி மிஞ்சும்போது நிறுத்திவிடுவார். அந்த எட்டையும் ஒரு சிவப்பு நூலில் கோத்து வைத்துவிடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த பிறகுதான் ஊசியில் நூல் கோத்து எட்டுக் கண்ணி வழியாகவும் இழுத்து முடிவார். பத்து நிமிஷ வேலை. எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. குழந்தை பிறந்த சேதியைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்கு முன்னால் எஸ்தருக்குச் சொல்வது கம்பெனியில் ஒரு வழக்கமாகவே ஆனது. எல்லோரும் அதை அழகு என்றார்கள். நான் ஸ்டோரில் தலையைக் குனிந்துகொண்டு போல்ட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குள் பேச்சு நிற்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பேருந்தில் பக்கத்தில் இடம் போட்டு வைப்பார். தம்பி பெண்ணின் மார்க்கைச் சொல்வார். அந்த மதியத்தைப் பற்றி மட்டும் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டு வருடம் கழித்து நித்யாவுக்குப் பையன் பிறந்தான். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து நான் முதலில் போன் செய்தது கம்பெனிக்குத்தான். ஒரு மணி நேரத்தில் எஸ்தர் வந்து நின்றார், நீலத்தில் ஒரு ஜோடியோடு. நித்யா உண்டாகியிருப்பதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. எப்படியோ தெரிந்து, யாருக்கென்று சொல்லாமல் பின்னி வைத்திருந்தார். விசாலத்தின் கையில் கொடுத்து, “இப்ப போடலாம் மாமி,” என்றார். என் பக்கம் திரும்பவில்லை. நான் அன்றைக்காவது அவரைத் தனியே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இனிப்பு வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

கம்பெனி மூடிய பிறகு எங்கள் சந்திப்பும் குறைந்துபோனது. ஆற்றங்கரை வீடுகளை எடுத்துவிட்டு அவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். விசாலத்தின் காரியத்துக்கு எஸ்தர் மூன்று பஸ் மாறி வந்து, பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போனார். சர்க்கரை முற்றி அவருக்குக் கண் மங்கிவிட்டது என்று போன வருடம் தெரிந்தது. பார்க்கப் போனேன். ஐந்தாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறும்போதே சொல்ல வேண்டியதை மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

தம்பி பெண் டீ கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கக் கீழே போனாள். “எஸ்தர், அன்னிக்கு நான்...” என்று ஆரம்பித்தேன்.

“டீ ஆறிகினு கீது சார். குடி.”

குடித்தேன். மறுபடி ஆரம்பித்தேன்.

“அத்த நான் அன்னிக்கே வுட்டுட்டேன் சார். நீதான் இன்னும் கையில வச்சிகினு கீற.”

“விட்டுட்டேன்னா ஏன் இத்தனை வருஷமா முனையை மூடாம வச்சே? நான் சொன்னதாலதானே?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளிச்சம் இருக்கும் திசை மட்டும்தான் அப்போது அவருக்குத் தெரியும்.

“நீ சொன்னதுக்காக இல்ல சார். நீ நின்ன பாரு, அதுக்காக. முனைய மூடிட்டா அது ஜோடி. யாரு கால்லயும் போடாத ஜோடிய வீட்ல எங்க வைக்கிறது? தூக்கிப் போடவும் முடியாது. பிரிக்கவும் பிரியாது, நீதான் பாத்தியே. தெறந்து வச்சா, சேதி வேற மாரி வந்துச்சுன்னா, சிவப்பு நூல உருவிட்டு நானே ஒரு இசுப்பு இசுத்துடுவேன். நூலாப் பூடும். இன்னொரு அப்பன் அத்தத் தூக்கிகினு என்னாண்ட வந்து நிக்க வாணாம்.”

அப்படி எத்தனை ஜோடியை இழுத்தார் என்று கேட்டேன். “அது உனுக்கு இன்னாத்துக்கு?” என்றார். இன்றுவரை எங்கள் யாருக்கும் அது தெரியாது. அந்தச் சேதிகளைக் கேட்ட பிறகு அவர் தனியாக உட்கார்ந்து நூலைச் சுருட்டியிருக்கிறார். ஜோடியை வாங்கியவர்கள் மட்டும்தான் ஜெபக் கூட்டத்தில் பேசினார்கள்.

மன்னித்துவிடு என்ற ஒரு சொல்லை நான் அங்கே சொல்லவில்லை. மாத்திரை பற்றிப் பேசினேன். லிஃப்ட்டுக்கு மனுக் கொடுக்கச் சொன்னேன். இறங்கி வந்துவிட்டேன். இன்னொரு முறை வரலாம் என்று நினைத்தேன்.

ஜெபக் கூட்டம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை நித்யா வழக்கம்போலக் கூப்பிட்டாள். எங்கள் பேச்சு ஐந்து நிமிஷத்துக்கு மேல் போவதில்லை. சாப்பாடு, மாத்திரை, மழை, வைத்துவிடுவாள். எஸ்தர் இறந்ததைச் சொன்னேன். பிறகு, அந்த மதியத்தில் நான் அவரிடம் பேசியதை முதல்முறையாக இன்னொரு ஆளிடம் சொன்னேன், எழுதக் கை வராத அந்த வார்த்தைகள் உட்பட.



“அது ரொம்பத் தப்புப்பா,” என்றாள்.

“தெரியும்.”

“அந்தக் கோபத்தையாவது எங்ககிட்டக் காட்டியிருக்கலாமே? நீங்க ஃபேனைக் கூட்டி வச்சுட்டுப் போயிண்டே இருந்தேள். உங்களுக்கு அது ஒண்ணுமே இல்லைன்னுதான் நான் நினைச்சுண்டிருந்தேன். அம்மா கடைசி வரைக்கும் அப்படித்தான் நினைச்சா.”

விசாலத்தோடு நாற்பத்தோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தேன். பேத்தி போனது எனக்கு வலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே அவள் போயிருக்கிறாள். அதை இனி அவளிடம் போய் மாற்ற முடியாது. நித்யாவிடம் அந்த ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் கைப்பேசியை மேஜையில் வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டேன். அவள் வைக்காமல் காத்திருந்தாள்.

ஆகவே, எஸ்தரை அறிந்தவர்களே, உங்கள் பிள்ளைகளிடம் அந்தக் காலுறைகளைக் காட்டிக் கதை சொல்லும்போது ஐதீகம் என்று சொல்லாதீர்கள். ஸ்டோர்க்காரன் ஒருவன் தன் துக்கத்தை வீட்டில் இறக்கி வைக்கத் தெரியாமல், ஒன்றும் அறியாத ஒரு பெண்மணியின் மேஜையில் கொண்டுபோய்க் கொட்டினான், அவர் அதை வாங்கிக்கொண்டார் என்று சொல்லுங்கள். என் பெயர் உங்களுக்குத் தெரியும், அதையும் சொல்லலாம்.

அவரிடமிருந்து ஒரு நூல்கண்டுகூட நான் கேட்டு வாங்கி வரவில்லை. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த மதியம் அவர் பதில் பேசாமல் என் முகத்தைப் பார்த்ததை மட்டும்தான். நான் கத்திக்கொண்டிருந்தபோது, இந்த ஆள் அழுகிறான் என்று உலகத்தில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒருவரும் இப்போது இல்லை.